ஓலைக்கால், சீலைக்கால்

ஒன்பதாம் வகுப்பில் நான் என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று காரணமில்லை. சனிக்கிழமை பரேடு முடிந்ததும் பூரிக்கிழங்கு தருவார்கள். நான்கு பூரி, ஒரு கரண்டிக் கிழங்கு, வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் டீ. அதற்காகக் காலை ஆறரைக்கே மைதானத்தில் நிற்போம். பூட்ஸ் இரண்டு அளவு பெரிதாக இருக்கும், முனையில் பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொள்வோம்.

பயிற்சி கொடுக்க வந்த ஹவில்தாருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு இந்தி தெரியாது. 'சாவ்தான்' என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், 'விஸ்ராம்' என்றால் காலை அகட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. 'தாஹினே முட்', 'பாயே முட்' வந்தபோதுதான் வரிசை சிதறியது. பாதிப் பேர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் செட்டில் ஒருவனுக்கு மட்டும் இந்தி வரும். அவன் அப்பா பட்டாளத்தில் இருந்தவர், சின்ன வயதில் ஜபல்பூரில் வளர்ந்தவன். ஹவில்தார் மூச்சுவிடாமல் இரண்டு நிமிடம் கத்துவார். அவன் எங்கள் பக்கம் திரும்பி, "கையை மடக்கக் கூடாதாம்" என்பான். மீதி ஒன்றரை நிமிடமும் கெட்ட வார்த்தை என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம்.

(இந்தக் கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசியல் வரலாறும் உண்டு. 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் நிறைவேறிய மொழித் தீர்மானம் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களையும் நீக்கச் சொன்னது. அது எதுவும் எங்கள் மைதானம்வரை வந்து சேரவில்லை.)

வீட்டில் இதைச் சொன்னால் தாத்தா சிரிப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்து ஆட்களைப் பட்டாளத்தில் சேர்த்தபோது, இடது வலது சொல்லித்தர முடியாமல் ஒரு காலில் பனையோலையையும் மறு காலில் சீலைத்துணியையும் கட்டிவிட்டு, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று கவாத்து நடத்தினானாம். நம் பக்கத்தில் பலரும் கேட்ட கதைதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக்கும் இதே கதை உண்டு, அங்கே ஓலைக்கும் சீலைக்கும் பதிலாக புல்லும் வைக்கோலும். உண்மையோ பொய்யோ, ஏர் பிடித்தவனைப் பட்டாளத்தான் ஆக்குவது என்ன பாடு என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பல வருஷம் கழித்து அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் படைக்குக் கவாத்து சொல்லிக்கொடுத்த ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ஃபான் ஸ்டூபன் என்பவரின் பெயர் வந்தது. ஜெர்மானியர்கள் ஷ்டொய்பன் என்பார்கள். அமெரிக்கர்கள் ஸ்டூபன் ஆக்கிவிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்த மைதானத்துப் புழுதி மூக்கில் ஏறியது.

அமெரிக்கர்கள் ஆசையாகச் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. உழுதுகொண்டிருந்த விவசாயி கலப்பையை அப்படியே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான், உலகத்தின் பெரிய சாம்ராஜ்யத்தை விரட்டினான். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நடந்ததை மட்டும் பார்த்தால் அதில் பொய் அதிகமில்லை. மாசசூசெட்ஸில் ஊர்ப்படை என்பது பழைய ஏற்பாடு. பதினாறிலிருந்து அறுபது வயதுவரை ஆண்கள் அதில் இருக்க வேண்டும், ஆயுதம் வைத்திருக்க வேண்டும், வருஷத்தில் சில நாள் ஊர்ப் பொதுத்திடலில் கூடிப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி நாள் பாதி திருவிழாதான். சத்தம் கேட்ட நிமிடத்தில் கிளம்பத் தயாராக இருப்பவர்களைத் தனியே பிரித்து 'மினிட்மேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கான்கார்டிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிய பிரிட்டிஷ் படையை அவர்கள் கல்சுவருக்குப் பின்னாலும் மரத்துக்குப் பின்னாலும் நின்று வழிநெடுகச் சுட்டார்கள்.

சுட்டு முடித்தவன் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். எட்டு வருஷம் நீண்ட போருக்கு இந்த ஏற்பாடு எப்படிப் போதும்?

ஜார்ஜ் வாஷிங்டன் 1775 ஜூலை 3 அன்று கேம்பிரிட்ஜில் படைக்குத் தலைமை ஏற்றபோது பார்த்தது ஒரு பெரிய சந்தைக் கூட்டத்தை. பல படைப்பிரிவுகளில் அதிகாரிகளைச் சிப்பாய்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன், மச்சான், ஊர்த் தச்சன் என்று தெரிந்த முகங்கள். ஓட்டுப் போட்டவனை அதட்ட எந்த அதிகாரிக்கு வாய் வரும்? நம்மூர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பங்காளியிடம் வீட்டுவரி கேட்கப் போவதுபோலத்தான். போதாததற்கு எல்லோருடைய ஒப்பந்தமும் வருஷக் கடைசியில் முடிந்தது. எதிரி பாஸ்டனுக்குள் உட்கார்ந்திருக்க, அவன் கண்ணெதிரே ஒரு படையைக் கலைத்துவிட்டு இன்னொரு படையைச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்த வருஷமும் அதே கதை. 1776 கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் ஜெயித்த சிப்பாய்களில் பலருக்கு டிசம்பர் 31-உடன் கெடு முடிந்துவிடும். இன்னும் ஆறு வாரம் இருங்கள், தலைக்குப் பத்து டாலர் தருகிறேன் என்று வாஷிங்டன் கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஊர்ப்படையை நம்புவது ஒடிந்த கம்பை ஊன்றி நிற்பது போன்றது என்று அவர் அதே வருஷம் செப்டம்பரில், மாகாணங்களின் பொதுச்சபையான காங்கிரஸுக்கு எழுதினார். காங்கிரஸும் இறங்கி வந்தது. மூன்று வருஷம், அல்லது போர் முடியும்வரை சேவை. போர் முடியும்வரை இருப்பவனுக்கு இருபது டாலரும் நூறு ஏக்கர் நிலமும். காணி வைத்திருந்தவன் இந்த ஏற்பாட்டுக்கு வரவில்லை. நிலமில்லாத இளைஞர்கள், கூலிக்காரர்கள், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வந்தார்கள். ரோட் ஐலண்ட் 1778 பிப்ரவரியில் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் போட்டது. போர் முழுவதிலும் சுமார் 5,000 கறுப்பினத்தவர் அமெரிக்கத் தரப்பில் போரிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். குடிமக்கள் படை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் கணிசமானவர்களுக்கு அன்று ஓட்டுரிமையே கிடையாது. வீரக்கதை சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

1777 டிசம்பர் 19. ஃபிலடெல்ஃபியாவை பிரிட்டிஷாரிடம் இழந்துவிட்டு, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் சுமார் 12,000 பேர் கூடாரம் அடித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு மரக்குடிசை, பதினாலடிக்குப் பதினாறடி. ஒவ்வொரு ரெஜிமென்டிலும் முதலில் நன்றாகக் கட்டி முடிக்கும் குழுவுக்குப் பன்னிரண்டு டாலர் பரிசு. தின்பதற்கு மாவைத் தண்ணீரில் பிசைந்து கல்லில் சுட்ட ரொட்டி, பல நாள் அதுவும் இல்லை. 2,898 பேர் செருப்பும் துணியும் இல்லாததால் வேலைக்கு லாயக்கற்றுக் கிடக்கிறார்கள் என்று வாஷிங்டன் அந்த மாதம் 23-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் எண்ணிச் சொல்கிறார். ஆறு மாதத்தில் இரண்டாயிரம் பேர்வரை செத்தார்கள். துப்பாக்கிக் குண்டில் அல்ல. டைபஸ், டைபாய்டு, சீதபேதி.

இங்கேதான் 1778 பிப்ரவரி 23 அன்று ஸ்டூபன் வந்து இறங்கினார். கூடவே ஒரு வேட்டை நாய், பெயர் அஸோர். பதினேழு வயதில் ஒரு பிரெஞ்சுச் செயலர், பெயர் தியு போன்சோ. (அந்தப் பையன் பின்னாளில் சீன எழுத்தையும் அமெரிக்கப் பழங்குடி மொழிகளையும் ஆராய்ந்து பெரிய மொழியறிஞர் ஆனார். அது வேறு கதை.) பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டின் மன்னர் ஃபிரெடரிக்கின் படையில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்தவர் என்று பாரிஸிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் சைலஸ் டீனும் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உண்மையில் அவர் கேப்டன்தான். 1763-இல் வேலை போனது. அப்புறம் ஒரு குட்டி ஜெர்மானிய சமஸ்தானத்தில் அரண்மனை விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் காசில்லாமல்தான் பாரிஸுக்கு வந்தார். பயோடேட்டாவில் இரண்டு வருஷ அனுபவத்தை நான்காக்கும் ஆட்களை நானே இன்டர்வியூ எடுத்திருக்கிறேன், இவர் கேப்டனை ஜெனரல் ஆக்கியவர். ஆனால் ஒன்று, பொய் பதவியில்தான், தொழிலில் இல்லை. ஐரோப்பாவின் ஏழாண்டுப் போரை முன்வரிசையில் நின்று பார்த்தவர், ஃபிரெடரிக்கின் தலைமையகத்திலும் வேலை பழகியவர்.

வந்தவர் முதலில் எண்ணிப் பார்த்தார். ஒரு ரெஜிமென்டில் முப்பதே பேர், ஒரு கம்பெனியில் (ரெஜிமென்டின் உட்பிரிவு) ஒரே ஒரு கார்ப்பொரல் மட்டும் என்றெல்லாம் பார்த்ததாகப் பின்னர் எழுதுகிறார். ஆளில்லாமலே அதிகாரிகள் மட்டும் இருந்தார்கள். கெடு முடிந்து வீட்டுக்குப் போகிறவன் அரசாங்கத் துப்பாக்கியையும் தோளில் போட்டுக்கொண்டு போனான். துப்பாக்கி முனையில் செருகும் பயனெட் கத்தியை இறைச்சி வாட்டும் கம்பியாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாகாணத்துப் படையும் ஒவ்வொரு விதமாக நடந்தது, ஒவ்வொரு விதமாகக் குண்டு போட்டது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது எறும்புச் சாரைபோல ஒருவர் பின் ஒருவராக நடப்பது. கேட்கச் சாதாரணமாகத் தெரியும். ஆயிரம் பேர் அப்படி நடந்தால் தலை சண்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வால் எங்கோ வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.

மார்ச் 19 அன்று வேலை தொடங்கியது. எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் கத்தவில்லை. வாஷிங்டனின் மெய்க்காவலர்களோடு சேர்த்து நூறு பேருக்கு மேல் ஒரு மாதிரிக் கம்பெனி அமைத்தார். துப்பாக்கியைத் தானே கையில் வாங்கி, எப்படிப் பிடிப்பது, எப்படித் திரும்புவது என்று செய்து காட்டினார். நெஞ்சில் நட்சத்திரப் பதக்கம் மின்ன ஒரு பிரபு வெறும் சிப்பாயின் கையைப் பிடித்துச் சரிசெய்வதை அந்த அதிகாரிகள் பார்த்ததே இல்லை. பிரிட்டிஷ் வழக்கப்படி கவாத்து சார்ஜென்டின் வேலை, அதிகாரி ஒதுங்கி நிற்பார். அந்த வழக்கத்தைத்தான் அவர் முதலில் உடைத்தார். மாதிரிக் கம்பெனி தேறியதும் அதைப் பார்த்தவர்கள் தங்கள் பிரிவுகளில் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதுபோல சில வாரங்களில் முகாம் முழுக்கப் பரவிவிட்டது.

மொழிதான் தகராறு. அவருக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் வரும், இங்கிலீஷ் அநேகமாக இல்லை. மறுநாள் பாடத்தை ராத்திரி பிரெஞ்சில் எழுதுவார். தியு போன்சோ அதை இங்கிலீஷ் ஆக்குவார். வாஷிங்டனின் உதவியாளர்கள் ஜான் லாரன்ஸும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் திருத்துவார்கள். பிரதி எடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் அனுப்புவார்கள். களத்தில் ஒருநாள் கட்டளை புரியாமல் வரிசை குழம்பி, மனிதர் கோபத்தில் கொதித்து நின்றபோது, பெஞ்சமின் வாக்கர் என்ற நியூயார்க் கேப்டன் முன்னால் வந்து, நான் மொழிபெயர்க்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னார். அதிலிருந்து வாக்கர் அவரை விட்டு அகலவில்லை. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் திட்டித் திட்டிச் சொல் தீர்ந்துபோனால், எனக்குப் பதிலாக நீ கொஞ்சம் திட்டு என்று வாக்கரைக் கூப்பிடுவாராம். சிப்பாய்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பும் பயிற்சிக்கு உதவியது என்றே நினைக்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் வித்தை எதுவும் இல்லை. ஒரு எட்டுக்கு இரண்டடி நீளம், நிமிடத்துக்கு 75 எட்டு. சாரையாக வேண்டாம், நெருக்கமான வரிசைகளாக நட. துப்பாக்கியில் மருந்து போடும் அசைவுகளைக் குறைத்து எல்லோருக்கும் ஒன்றாக்கு. அந்தக் கால மஸ்கெட் துப்பாக்கிக்குக் குழாயில், குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் மரைகள் கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி என்பது அதிர்ஷ்டம். தனியாள் சுட்டால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, இருநூறு பேர் ஒரே நொடியில் சுட்டால் எதிரே எதுவும் நிற்காது. மறுபடி மருந்து போடும் நேரத்தில் எதிரி பயனெட்டுடன் பாய்ந்தால், நீயும் பயனெட்டுடன் நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஆக, வரிசை என்பது அழகுக்கு இல்லை. முகாமிலும் அதே கண்டிப்புதான். சமையல் ஒரு பக்கம், கக்கூஸ் எதிர்ப்பக்கம், குடிசைகள் வரிசையில்.

கவாத்து என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். பட்டாளப் பயிற்சியும் கவாத்து, செடியின் கிளைகளை நறுக்குவதும் கவாத்து. ஸ்டூபன் பிரஷ்யக் கவாத்தைக் கொண்டுவந்தாரா, அதையே கவாத்து செய்தாரா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். பிரஷ்யச் சிப்பாய் பிரம்படிக்குப் பயந்து நடந்தவன். இங்கே அது நடக்காது என்று அவருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஊரிலிருந்த பழைய சகா ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: உங்கள் சிப்பாயிடம் 'இதைச் செய்' என்றால் செய்துவிடுவான், நானோ 'இதை நீ ஏன் செய்ய வேண்டும் என்றால்' என்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதன் பிறகுதான் செய்கிறான்.

இதை அவர் புகாராகத்தான் எழுதினாரோ, பெருமையாக எழுதினாரோ, எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது. மறு குளிர்காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்து அவர் எழுதிய விதிமுறைப் புத்தகத்தை 1779 மார்ச் 29 அன்று காங்கிரஸ் ஏற்றது. நீல அட்டை போட்டதால் 'நீலப் புத்தகம்' என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்கப் படைக்கு அதுதான் பாடம். கடைசிப் பகுதியில் ஒவ்வொரு பதவிக்கும் என்ன வேலை என்று வருகிறது. கேப்டனின் முதல் வேலை என்ன தெரியுமா? தன் ஆட்களின் அன்பைச் சம்பாதிப்பது. ஒவ்வொருவனின் பெயரும் குணமும் தெரிந்திருக்க வேண்டும், குறை சொன்னால் கேட்க வேண்டும், நியாயமென்றால் தீர்க்க வேண்டும். எங்கள் ஹவில்தாருக்கு என் பெயர் கடைசிவரை 'ஏய் லம்பூ' (நெட்டையா).

ஸ்டூபன் ஒருவரே படையைப் படைத்தார் என்றும் எழுதிவிடக் கூடாது. 1778 மார்ச்சில் நத்தானியேல் கிரீன் தளவாடப் பொறுப்பை ஏற்ற பிறகுதான் சோறும் செருப்பும் வந்தன. அம்மைப் பிரச்சினையில் வாஷிங்டனே துணிந்து முடிவெடுத்தார். பத்தொன்பது வயதில் பார்படோஸ் தீவில் அவருக்குப் பெரியம்மை வந்து முகத்தில் தழும்பு விழுந்திருந்தது. 1777 தொடக்கத்தில் படை முழுவதற்கும் அம்மை குத்த உத்தரவிட்டார். ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் இருபது வருஷம் இருந்தது. நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து நல்ல ஆளின் தோலைக் கீறி ஏற்றும் பழைய முறை. குத்திக்கொண்டவன் சில வாரம் படுத்தே கிடப்பான், அது எதிரிக்குத் தெரியக் கூடாது. கவாத்துக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் பாதியை இதற்குக் கொடுப்பேன்.

1778 ஜூன் 28 அன்று நியூ ஜெர்சியில் மன்மத் என்ற இடத்தில் சோதனை வந்தது. கொளுத்தும் வெயில், இரு பக்கமும் வெயிலிலேயே சுருண்டு செத்தவர்கள் பலர். முன்னணிப் படையோடு போன தளபதி சார்லஸ் லீ பின்வாங்கினார். பழைய படையாக இருந்தால் அத்தோடு ஓடியிருக்கும். இவர்கள் வாஷிங்டன் வந்ததும் குண்டுமழையிலேயே திரும்பி வரிசை கட்டி நின்றார்கள். ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது, பிரிட்டிஷார் ராத்திரியோடு கிளம்பிப் போய்விட்டார்கள். ஆனால் உலகத்தின் சிறந்த காலாட்படைக்கு முன்னால் நாளெல்லாம் நின்றார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் ஸ்டோனி பாயின்ட் கோட்டையை நள்ளிரவில், குண்டு போடாத துப்பாக்கிகளோடு, பயனெட்டை மட்டும் நம்பிப் போய்ப் பிடித்தார்கள். இறைச்சி வாட்டிய அதே கத்தி.

காரணம் கேட்கப் பழகியவன் களத்தோடு நிறுத்திக்கொள்வானா? 1781 ஜனவரி 1 அன்று பென்சில்வேனியாப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளர்ந்தார்கள். சம்பளம் பல மாதமாக வரவில்லை. 'மூன்று வருஷம் அல்லது போர் முடியும்வரை' என்று கையெழுத்துப் போட்டவர்கள், மூன்று வருஷம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்றார்கள். அதிகாரிகள், எது பிந்தியதோ அதுவரை என்றார்கள். கலகத்தில் அதிகாரிகளின் உயிரும் போனது. அதன்பின் சிப்பாய்கள் தங்களுக்குள் சார்ஜென்டுகளைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்து, வரிசை குலையாமல் ஃபிலடெல்ஃபியாவை நோக்கி நடந்தார்கள். பாக்கிச் சம்பளத்தை நாங்கள் தருகிறோம், இந்தப் பக்கம் வாருங்கள் என்று பிரிட்டிஷ் தரப்பிலிருந்து ஆள் வந்தபோது, அந்த ஆட்களைப் பிடித்து ஒப்படைத்தார்கள், அவர்கள் தூக்கில் தொங்கினார்கள். பேச்சுவார்த்தையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அதே மாதம் நியூ ஜெர்சிப் படை அதையே செய்து பார்த்தபோது வாஷிங்டன் பொறுக்கவில்லை. முன்னின்ற இருவரைச் சக சிப்பாய்களை வைத்தே சுடச் சொன்னார். அந்தச் சுட்ட வரிசையும் கவாத்தில் பழகியதுதான்.

ஸ்டூபனுக்கும் தன் பாக்கிக்காகக் காங்கிரஸின் வாசலில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது. 1790-இல்தான் ஆண்டுக்கு 2,500 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. கல்யாணம் ஆகாத மனிதர். நியூயார்க் மாகாணம் கொடுத்த பெருங்காட்டில் மரவீடு கட்டி வாழ்ந்து 1794-இல் இறந்தார். சொத்து இரண்டு பேருக்குப் போனது. ஒருவர் அவருடைய உதவியாளர் வில்லியம் நார்த். இன்னொருவர், அவருக்காக இங்கிலீஷில் திட்டிய பெஞ்சமின் வாக்கர்.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தேன். தலை நரைத்துத் தொப்பை போட்டிருந்தான். இலையில் பூரி வைத்தார்கள், பேச்சு தானாக அங்கே போயிற்று.

"டேய், அந்த ஆள் அப்படிக் கத்துவாரே, உண்மையில என்னடா சொன்னார்?"

"பாதி திட்டுதான்" என்றான். "மீதி விளக்கம். கையை நீ மடக்கினா பின்னால வர்றவனுக்குத் தாளம் தெரியாது, அவன் உன் கையைப் பார்த்துத்தான் கால் வைக்கிறான், கடைசி வரிசையில இருக்கறவன் வரைக்கும் இப்படித்தான் போகுது... இப்படி ஒவ்வொண்ணுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார் மனுஷன்."

"அதையேன்டா எங்களுக்குச் சொல்லல?"

"பூரி ஆறிடும்டா."